மேன்டிலின் 54, ராலியின் 60: இரு பக்கமும் நின்று அடிப்பவர்களின் கதை

கேள்வி இது: "2025இல் அமெரிக்க பேஸ்பாலில் சியாட்டில் மேரினர்ஸ் அணியின் கேல் ராலி, ஸ்விட்ச் ஹிட்டர்களில் மிக்கி மேன்டில் வைத்திருந்த சாதனையை உடைத்து 60 ஹோம் ரன் அடித்தார் என்று படித்தேன். ஏற்கெனவே சிலர் 60ஐத் தொட்டிருக்கும்போது இதில் தனியாக என்ன விசேஷம்? கிரிக்கெட்டில் பீட்டர்சன் ஆடிய ஸ்விட்ச் ஹிட்டும் இதுவும் ஒன்றுதானா?"

(ஹோம் ரன் என்பது பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட்டின் சிக்ஸர் போல.) இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்றல்ல. 2008 ஜூனில் நியூசிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் ஸ்காட் ஸ்டைரிஸ் ஓடிவந்துகொண்டிருக்கும்போதே கெவின் பீட்டர்சன் கைப்பிடியை மாற்றி, உடம்பைத் திருப்பி, இடக்கை ஆட்டக்காரராகி இரண்டு சிக்ஸர் அடித்தார். பெயர் பேஸ்பாலிலிருந்து வந்தது. ஆனால் அது கடைசி நொடியில் பந்து வீசுபவரை ஏமாற்றும் ஒரு ஷாட். பேஸ்பாலில் அப்படிச் செய்யவே முடியாது. பிட்சர் (பந்து வீசுபவர்) வீசத் தயாராக நின்றபின் பேட்டர் (அடிப்பவர்) ஒரு பக்கக் கட்டத்திலிருந்து மறு பக்கக் கட்டத்துக்குத் தாண்டினால் அவுட். அங்கே ஸ்விட்ச் ஹிட்டர் என்றால் வலக்கை பிட்சர் வந்தால் இடப்பக்கமும், இடக்கை பிட்சர் வந்தால் வலப்பக்கமும் நிற்பவர். எல்லோர் கண்முன்னும், முன்கூட்டியே, ஒவ்வொரு நாளும். ஒரு ஷாட் அல்ல, ஒரு முழு வாழ்க்கைமுறை என்றே சொல்லலாம்.

ஏன் இப்படி மாறி மாறி நிற்க வேண்டும்? கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆஃப் ஸ்பின்னரை இடக்கை ஆட்டக்காரருக்கு எதிராகக் கொண்டுவருகிறார்களே, எதற்கு? பந்து அவரை விட்டு வெளியே போகிறது. தேடிப் போய் ஆடினால் விளிம்பில் படும். பேஸ்பாலிலும் அதே கணக்குதான். வலக்கை பிட்சரின் ஸ்லைடர், கர்வ் என்னும் வளையும் பந்துகள் வலக்கை பேட்டரை விட்டு விலகி ஓடும். போதாக்குறைக்கு அந்தப் பந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல இருக்கும், உடம்பு தானாகவே கொஞ்சம் பின்வாங்கும். அதே பந்து இடக்கை பேட்டருக்கு உள்ளே வரும், பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும் இடமும் நன்றாகத் தெரியும். பிட்சர் நிற்கும் இடம் அறுபதரை அடி தூரம். 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்குக் கிட்டத்தட்ட 0.4 நொடி போதும். அந்த நேரத்தில் பந்து உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பது சிறிய விஷயமல்ல. ஸ்விட்ச் ஹிட்டருக்கு அது எப்போதும் உள்ளே வரும் பந்துதான்.

இவ்வளவு லாபம் இருந்தால் எல்லோரும் செய்யலாமே என்று தோன்றும். இரண்டு பக்கமும் நிற்கக் கற்பது கடினம்தான், ஆனால் அதைவிடக் கடினம் இரண்டு ஸ்விங்கையும் உயிரோடு வைத்திருப்பது. வலக்கைப் பழக்கம் உள்ளவர் ஒருவர் ஸ்விட்ச் ஹிட்டரானால், அவருடைய இயல்பான பக்கம் வலது. ஆனால் பிட்சர்களில் பெரும்பாலானோர் வலக்கைக்காரர்கள். அதனால் வாய்ப்புகளில் பெரும்பகுதி அவருக்கு இடப்பக்கத்தில்தான், அதாவது பிற்பாடு கற்றுக்கொண்ட பக்கத்தில்தான் கிடைக்கும். பிறவியில் வந்த ஸ்விங் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வெளியே வந்து துருப்பிடிக்கும். ஒன்று சரியாகும்போது மற்றொன்று கெட்டுப்போகும். ஒருவர் ஒரு ஸ்விங்குக்குச் செய்யும் பயிற்சியை இவர் இரண்டுக்கும் செய்ய வேண்டும். பால்டிமோர் ஓரியோல்ஸின் செட்ரிக் முல்லின்ஸ் 2021 சீசனுக்கு முன் இதை விட்டுவிட்டு இடப்பக்கம் மட்டும் நிற்பதென்று முடிவெடுத்தார். அந்த ஆண்டே 30 ஹோம் ரன்னும் 30 பேஸ் திருட்டும் (பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு, அதாவது ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய அடுத்த இடத்துக்கு, ஓடிச் சேர்வது) அவருக்கு வந்தன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலருக்கு அதுதான் சரியான முடிவு.

சரி, இதை முதலில் யார் செய்தது? பதிவுகளில் முதலில் வரும் பெயர் பாப் ஃபெர்குசன். 1870 ஜூன் 14, புரூக்ளினில் கேபிடோலைன் மைதானம். எதிரே சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், முந்தைய ஆண்டு முழுக்கத் தோற்காமல் வந்த தொழில்முறை அணி. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5. அத்தோடு சமன் என்று விட்டிருக்கலாம், ஆனால் சின்சினாட்டி கேப்டன் ஹாரி ரைட் தொடர்ந்து ஆட வேண்டும் என்றார். பதினோராவது இன்னிங்ஸில் அவர்கள் இரண்டு ரன் எடுத்து முந்திவிட்டார்கள். புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணிக்காக ஃபெர்குசன் ஆட வந்தார். வலப்பக்கம் நின்றால் அவர் பந்து இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே போகும். அங்கே நின்றிருந்தவர் ஹாரியின் தம்பி ஜார்ஜ் ரைட், அன்றைய தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப். அவர் கைக்குப் பந்து போகக் கூடாதென்று ஃபெர்குசன் இடப்பக்கம் போய் நின்றார். அடித்தார், ஆட்டம் சமனானது. பிறகு எதிரணியின் தவறால் அவரே வெற்றி ரன்னையும் கொண்டுவந்தார். 8-7. ஓராண்டுக்கு மேல் நீண்ட வெற்றித் தொடர் அங்கே முடிந்தது.

பிட்சரின் கை எது என்பது அவருடைய கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நல்ல ஃபீல்டரிடமிருந்து பந்தைத் தள்ளி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் வந்த நீண்ட காலத்திலும் ஸ்விட்ச் ஹிட்டிங் என்றால் பெரும்பாலும் வேகக்காரர்களின் வித்தையாகவே இருந்தது. இடப்பக்கம் நின்றால் முதல் பேஸ் ஓரிரு அடி எடுத்து வைக்கும் தூரம் பக்கம். தட்டிவிட்டு ஓடலாம். மேக்ஸ் கேரி, ஃபிராங்கி ஃபிரிஷ் இவர்களெல்லாம் அந்த வகை. ரிப்பர் காலின்ஸ் 1934இல் 35 ஹோம் ரன் அடித்தது விதிவிலக்கு. இரண்டு பக்கமும் மைதானத்துக்கு வெளியே தூக்கி அடிக்கும் ஒருவரை ஆட்டம் இன்னும் பார்க்கவில்லை.

மிக்கி மேன்டில் விஷயத்துக்கு வருவோம். இவரைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு மனம் வராது.

ஒக்லஹோமா மாநிலத்தில் காமர்ஸ் என்ற சிற்றூர். ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கங்கள் உள்ள பகுதி. அப்பா மட் மேன்டில் சுரங்கத் தொழிலாளி. பேஸ்பால் பைத்தியம். மகனுக்கு மிக்கி காக்ரேன் என்ற கேட்சரின் (அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பெயரை வைத்தவர். சுரங்க வேலை முடிந்து வந்ததும் வீட்டருகே இருக்கும் தகரக் கொட்டகையின் முன் மகனை நிறுத்துவார். அப்பா வலக்கையால் வீசுவார், பையன் இடப்பக்கம் நின்று அடிக்க வேண்டும். தாத்தா சார்லி இடக்கையால் வீசுவார், வலப்பக்கம் நிற்க வேண்டும். முதலில் டென்னிஸ் பந்து. பொழுது சாயும்வரை இதுதான். இயல்பாகவே வலக்கைக்காரனான பையனுக்கு இடப்பக்கம் நிற்பது பிடிக்கவில்லை. ஒரு முறை உள்ளூர் ஆட்டத்தில் வலக்கை பிட்சருக்கு எதிராக வலப்பக்கமே நின்றதற்காக அப்பா அவனை வீட்டுக்கு விரட்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டு.

மட்டுக்கு எதிர்காலம் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். பிட்சரின் கைக்கு ஏற்ப பேட்டர்களை மாற்றி மாற்றி இறக்கும் வழக்கம் பெருகும், இரு பக்கமும் அடிப்பவனை யாரும் வெளியே உட்கார வைக்க முடியாது என்று அவர் கணக்குப் போட்டார். 1951இல் மகன் நியூயார்க் யாங்கீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மேலாளராக இருந்தவர் கேஸி ஸ்டெங்கல். அப்படி ஆட்களை மாற்றி இறக்குவதில் அவரை மிஞ்ச அன்று ஆளில்லை!

அந்த முதல் ஆண்டிலேயே உலகத் தொடரின் (சீசனின் இறுதிப் போட்டித் தொடர்) இரண்டாவது ஆட்டத்தில் மேன்டிலின் காலணி ஆணி மைதானத்து வடிகால் மூடியில் சிக்கி முழங்கால் கிழிந்தது. மருத்துவமனை வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது அப்பாவின் தோளைப் பிடித்துச் சாய்ந்தார். அப்பா அப்படியே சரிந்து விழுந்தார். இருவரையும் ஒரே அறையில் படுக்க வைத்தார்கள். மகனுக்கு முழங்கால், அப்பாவுக்குப் புற்றுநோய். 1952 மே மாதம் மட் இறந்துபோனார். நாற்பதே வயது.

1956இல் மேன்டில் செய்ததை அவர் பார்க்கவில்லை. அந்த ஆண்டு பேட்டிங் சராசரி (ஆடிய வாய்ப்புகளில் ஹிட், அதாவது அடித்துப் பாதுகாப்பாக பேஸை அடைந்த விகிதம்) .353, ஹோம் ரன் 52, ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்கள்) 130. மூன்றிலும் முதலிடம். இதைத்தான் டிரிபிள் கிரவுன் என்கிறார்கள். அவருடைய லீகில் மட்டுமல்ல, இரண்டு லீகுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் மூன்றிலும் அவரே முதல். சராசரியில் டெட் வில்லியம்ஸ் .345 வரை துரத்தினார், ஆர்பிஐயில் ஆல் கேலைன் 128 வரை வந்தார். டிரிபிள் கிரவுன் வென்ற ஸ்விட்ச் ஹிட்டர் இன்றுவரை மேன்டில் ஒருவர்தான். வலப்பக்கம் நின்று 1953இல் வாஷிங்டனில் சக் ஸ்டாப்ஸ் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார், 565 அடி என்று சொன்னார்கள். இடப்பக்கம் நின்று 1956இல் பெட்ரோ ராமோஸ் பந்தை யாங்கி ஸ்டேடியத்தின் கூரை முகப்பில் மோத வைத்தார். இரண்டும் ஒரே மனிதரா என்று அன்று பார்த்தவர்கள் வியந்திருப்பார்கள்.

1961இல் அவரும் அதே அணியின் ராஜர் மேரிஸும், ஒரே சீசனில் 60 ஹோம் ரன் என்ற பேப் ரூத்தின் சாதனையை நோக்கி ஓடினார்கள். செப்டம்பரில் மேன்டிலுக்கு உடல்நலம் கெட்டது. போட்ட ஊசி இடுப்பில் சீழ்பிடித்துப் படுக்க வைத்துவிட்டது. மேரிஸ் 61 அடித்தார். மேன்டில் 54இல் நின்றார்.

அந்த 54தான் 64 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. இடையில் பெரிய ஆட்கள் வராமல் இல்லை. பீட் ரோஸ் 4,256 ஹிட் எடுத்தார், அது எல்லா பேட்டர்களுக்கும் சேர்த்தே உச்சம். எடி மர்ரே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபின்தான் இரு பக்கமும் நிற்கப் பழகினார், வாழ்நாளில் 504 ஹோம் ரன் அடித்தார். எல்லாம் அப்பா போட்ட அஸ்திவாரம் என்று சொல்ல முடியாது, மர்ரே அதற்குச் சாட்சி. கார்லோஸ் பேர்கா 1993 ஏப்ரல் 8 அன்று கிளீவ்லண்டில் யாங்கீஸுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் இரு பக்கமும் நின்று ஹோம் ரன் அடித்த முதல் ஆளானார். ஸ்டீவ் ஹோ இடக்கை, ஸ்டீவ் ஃபார் வலக்கை, இருவருக்கும் ஒவ்வொன்று. ஆனால் ஒரு சீசனின் எண்ணிக்கை என்று வந்தால் 54க்குப் பக்கத்தில்கூட ஒருவரும் வரவில்லை. சிப்பர் ஜோன்ஸ் 1999இல் 45, லான்ஸ் பெர்க்மன் 2006இல் 45. அதுதான் அதிகம். இந்த ஒன்பது இடைவெளியை ஒரு முறை மனதில் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் பிட்சராக இருந்து இரண்டு கையாலும் வீசினால் என்ன ஆகும்? 2008இல் அது நடந்தது. யாங்கீஸின் கீழ்நிலை அணியில் பாட் வெண்டிட்டி இரு கையாலும் வீசுபவர். எதிரே வந்த ரால்ஃப் ஹென்ரிக்வெஸ் ஸ்விட்ச் ஹிட்டர். அவர் வலப்பக்கம் போனால் இவர் கையுறையை மாற்றுவார், இவர் மாற்றினால் அவர் இடப்பக்கம் போவார். இப்படியே இருவரும் மாறிக்கொண்டிருக்க, ஆட்டம் நகரவில்லை. கடைசியில் பிட்சர்தான் முதலில் எந்தக் கை என்று காட்ட வேண்டும் என்று விதி எழுதினார்கள். ஸ்விட்ச் ஹிட்டருக்குக் கிடைக்கும் அந்தச் சிறு லாபம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி ராலி. 2018இல் புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் தேர்வானவர். 2022இல் தொடக்கத்தில் சரியாக ஆடாமல் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டவர். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒரு ஹோம் ரன் அடித்தார், 21 ஆண்டுகளாக பிளே ஆஃப் பார்க்காத சியாட்டில் அதைப் பார்த்தது. 27, 30, 34 என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டு வந்தவர் 2025இல் திடீரென்று 60.

அவர் கேட்சர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் எடை புரியும். கேட்சர் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு நாளில் நூற்றுக்கு மேற்பட்ட பந்துகளைப் பிடிப்பவர். விளிம்பில் பட்டுத் திரும்பும் பந்துகள் விரலிலும் தோளிலும் முகக்கவசத்திலும் மோதும். ஆட்டத்துக்கு முன் மற்ற பேட்டர்கள் தம் ஸ்விங்கைச் சரிசெய்யும் நேரத்தில் இவர் பிட்சரோடு உட்கார்ந்து எதிரணிக்கு என்ன வீசுவது என்று திட்டம் போட வேண்டும். ஆகஸ்டில் கேட்சர்களின் முழங்கால் கெஞ்சும், எண்கள் சரியும். அந்த உடம்போடு ஒரு ஸ்விங்கை அல்ல, இரண்டு ஸ்விங்கைக் காப்பாற்றினார். கேட்சர்களில் சால்வடோர் பெரஸ் 2021இல் அடித்த 48தான் அதுவரை உச்சம். அதை ஆகஸ்ட் 24 அன்று தாண்டினார். செப்டம்பர் 16 அன்று கான்சஸ் சிட்டியில் 55, 56 இரண்டையும் அடித்து மேன்டிலைத் தாண்டினார். நான்கு நாள் கழித்து ஹூஸ்டனில் 57, கென் கிரிஃபி ஜூனியரின் சியாட்டில் சாதனையும் போனது. செப்டம்பர் 24 அன்று சொந்த மைதானத்தில் கொலராடோவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 59, எட்டாவதில் 60. அதே இரவில் 2001க்குப் பிறகு முதல் முறையாக அணி தன் பிரிவில் முதலிடத்தை உறுதிசெய்தது.

உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில். அவருக்கு முன் 60ஐத் தொட்டவர்கள் ரூத், மேரிஸ், மெக்குவயர், சோசா, பாண்ட்ஸ், ஜட்ஜ் ஆகிய ஆறு பேர். ஆறு பேரும் ஒரே பக்கம் நின்று அடித்தவர்கள். ஆறு பேரில் ஒருவரும் கேட்சர் இல்லை. அது மட்டுமில்லை. ராலியின் 60இல் இடப்பக்கமும் 20க்கு மேல், வலப்பக்கமும் 20க்கு மேல். ஒரே சீசனில் இதைச் செய்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை. மேன்டிலின் வாழ்நாள் கணக்கு இடப்பக்கம் 372, வலப்பக்கம் 164. வலப்பக்க வாய்ப்பு குறைவு என்பதால் அது இயல்புதான். ராலிக்கும் அதே குறைந்த வாய்ப்புதான், அதற்குள்தான் இருபதைத் தாண்டினார். என்னைக் கேட்டால் 60ஐவிட இதுதான் பெரிது. துருப்பிடிக்க வேண்டிய ஸ்விங் துருப்பிடிக்கவில்லை.

அவருக்கும் இதைக் கொடுத்தவர் அப்பாதான். டாட் ராலி கல்லூரி அணிகளின் பயிற்சியாளராக இருந்தவர், மகன் நடை பழகிய வயதிலேயே இரு பக்கமும் நிற்க வைத்தவர். 2025 ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த ஹோம் ரன் டெர்பியில் (யார் அதிக ஹோம் ரன் அடிப்பது என்ற போட்டி) மகனுக்குப் பந்து போட்டவரும் அவரே. பின்னால் குந்தி உட்கார்ந்து பிடித்தவன் தம்பி. முதல் சுற்றில் கேல் இடப்பக்கம் தொடங்கி நடுவில் வலப்பக்கம் மாறினார். பிரென்ட் ரூக்கரும் அவரும் சமமாக நின்றபோது யார் அதிக தூரம் அடித்தார் என்று அளந்தார்கள், வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதில் தப்பித்தவர் இறுதியில் ஜூனியர் கமினேரோவை வென்று, அந்தப் போட்டியை யாரோடும் பகிராமல் தனியாக ஜெயித்த முதல் ஸ்விட்ச் ஹிட்டராகவும், ஜெயித்த முதல் கேட்சராகவும் ஆனார். வீட்டுப் பின்கட்டில் நடந்த பயிற்சி அப்படியே ஒரு பெரிய மைதானத்துக்கு இடம் மாறியதுபோல இருந்தது அந்த இரவு. பார்த்துக்கொண்டிருந்தபோது காமர்ஸ் ஊரின் தகரக் கொட்டகைதான் என் நினைவுக்கு வந்தது. மட் மேன்டிலுக்கு இப்படியொரு இரவு வாய்க்கவில்லை.

மேன்டிலின் சீசன் சாதனைதான் போயிருக்கிறது. வாழ்நாளில் ஒரு ஸ்விட்ச் ஹிட்டர் அடித்த ஹோம் ரன்களில் அவருடைய 536 இன்னும் முதலிடத்தில் இருக்கிறது, அடுத்து மர்ரேயின் 504. 2025 முடிவில் ராலியின் கணக்கு 153, நவம்பரில் அவருக்கு 29 வயது நிறைந்தது. மேன்டிலைத் தொட அப்போது இன்னும் 383 வேண்டியிருந்தது, அதுவும் குந்தி உட்காரும் முழங்கால்களோடு.